அரைக்கால் அங்குலம்

அத்தியாயம் பதினொன்று

பத்து மணிக்குச் சிவப்புக் கொடி ஏறியது. கோட்டை ஸ்டேஷனுக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவே இனி மாலை நாலு மணி வரை ஒரு வண்டியும் ஓடாது. அந்த ஆறு மணி நேரமும் முழுசாக அப்துல் மாலிக்குக்குச் சொந்தம்.

போன வாரத்தைத் தவற விட்டவர்களுக்காக இரண்டு வார்த்தை. காவேரி ரயில் பாலத்தின் பதினாறு கண்களிலும், தூணுக்குத் தூண் தாங்கி நிற்கிற பழைய இரும்புக் கர்டர்களை எடுத்துவிட்டுப் புதியவற்றை வைக்கிற வேலை ஆறு மாதமாக நடக்கிறது. பொறுப்பில் இருந்த வெள்ளைக்கார அதிகாரி காய்ச்சலில் விழுந்து மலைக்குப் போய்விட, வேறு வழியில்லாமல் கம்பெனி அந்த நாற்காலியில் நம் மாலிக்கை உட்கார வைத்தது. திருச்சிராப்பள்ளிப் பெரிய கடைவீதிக்காரர் ஒருவர் இவ்வளவு பெரிய வேலைக்குத் தலைவராவது அந்த 1929-ல் ஊர் பேசுகிற சங்கதி. பதினைந்து கண்கள் முடிந்துவிட்டன. பாக்கி இந்த ஒன்றுதான், ஸ்ரீரங்கம் பக்கத்துக் கண்.

மாலிக்கின் தம்பி பஷீர் அகமது பெங்களூரில் மாமி வீட்டில் வளர்ந்தவன். இங்கிலீஷும் உருதும் தண்ணீர் பட்ட பாடு. தமிழ்தான் கொஞ்சம் நொண்டும். அவனுக்கும் மாலிக்கின் மனைவி ஜஹானாராவின் தங்கை சுராயாவுக்கும் சம்பந்தம் பேசியிருக்கிறது. பெண்ணைப் பெற்ற ஜவுளிக்கடை ஹனீஃபா ராவுத்தர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "மாப்பிள்ளை ஒரு வேலையில ஒரு வருஷம் நிலைச்சு நிக்கட்டும், நான் நிக்காஹ் தேதி சொல்றேன்." பஷீர் இதுவரை மூன்று வேலைகளை விட்டவன். அண்ணனுக்குக் கீழே அளவு எழுதுகிற இந்த நாலாவது வேலையில் வரும் வெள்ளிக்கிழமையோடு அந்த ஒரு வருஷம் முடிகிறது.

அவ்வளவுதான். இனி பாலத்துக்கு வாருங்கள்.

சித்திரை வெயில். காவேரியில் கணுக்கால் நனையத் தண்ணீர் இல்லை. மணலில் நிறுத்திய மரச் சாரத்தின் மேல், பழைய கர்டருக்குப் பக்கத்திலேயே புதுக் கர்டர் சிவப்பு வர்ணம் பூசிக்கொண்டு கல்யாணப் பெண் மாதிரி காத்திருந்தது. பழையதை ஜாக்கி வைத்துத் தூக்கி ஒரு பக்கம் உருட்டித் தள்ள வேண்டும். புதியதை உருட்டிக்கொண்டு வந்து தூண்களின் மேல் இறக்க வேண்டும். தண்டவாளத்தை இணைக்க வேண்டும். நாலு மணி பத்து நிமிஷத்துக்குத் தேர் ஸ்பெஷல் ரயில் இந்தப் பாலத்தின் மேல் போக வேண்டும். மறுநாள் காலை அரங்கனின் சித்திரைத் தேர். சுற்றுவட்டக் கிராமங்கள் அத்தனையும் கட்டுச்சோற்று மூட்டையோடு கோட்டை ஸ்டேஷனில் வந்து குவிந்து கொண்டிருந்தன.

மாலிக் கத்திப் பேசி யாரும் கேட்டதில்லை. எண்பது பேரும் எங்கிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி ஓர் இடத்தில் நின்றுகொள்வார். அதுதான் அவர் வேலை வாங்குகிற முறை. இன்றைக்குத் தூணின் தலையில் நின்றார். யார், எந்த நிமிஷத்தில், எங்கே இருக்க வேண்டும் என்று எழுதிய ஒற்றைத் தாள் சட்டைப் பையில் இருந்தது. அதை அவர் எடுத்துப் பார்க்கவே இல்லை.

மேஸ்திரி வீரமலை குரலெடுத்தார். முசிறிப் பக்கத்து விவசாயி. ஏற்றம் இறைத்துப் பழகிய தொண்டை.

"இழுத்துப் பாரு..."

"ஏலோ" என்று எண்பது குரல்கள்.

ஒரு ஏலோவுக்குக் கர்டர் இரண்டு அங்குலம் நகரும். பழையது இருபது அடி விலக வேண்டும், ஆக நூற்றிருபது ஏலோ. தென்கரையில் குடைக்கு அடியில் உட்கார்ந்திருந்த தலைமை எஞ்சினியர் ஆஷ்லி துரை கடிகாரத்தைப் பார்த்துக் கொண்டிருந்தார். மாலிக்குக்குக் கடிகாரம் தேவைப்படவில்லை. மனசுக்குள் ஏலோவை எண்ணிக் கொண்டிருந்தார். அவர் நெஞ்சு அன்றைக்குச் சின்னப் பிள்ளை நெஞ்சு மாதிரி குதித்தது. இந்த ஒரு நாளுக்காகத்தானே ஆறு மாதம் வெயிலில் காய்ந்தது?

எழுபத்திரண்டாவது ஏலோவில் கரையோரம் ஒரு ஜட்கா வந்து நின்றது.

திரை போட்ட ஜட்கா. ஓட்டி வந்தவன் ஆண்டி. மாலிக்கின் வீட்டுக்கு வாடிக்கையாக வருகிற வண்டி அது. வேலை நடக்கிற இடத்துக்கு ஜஹானாரா ஒரு நாளும் வந்தவள் இல்லை. வீட்டில் யாருக்கு என்ன?

ஏணியில் இறங்கி மணலில் ஓட்டமும் நடையுமாகப் போனார்.

"யாருக்கும் ஒண்ணுமில்லீங்க, பதறாதீங்க" என்றாள் ஜஹானாரா திரைக்குள்ளிருந்தே. வெள்ளைத் துப்பட்டிக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் வெளியே நீண்டது. கையில் ஒரு சின்ன நோட்டு. "உங்க தம்பி சாப்பிட்ட இடத்துல விட்டுட்டுப் போயிட்டாரு. யாரோடதுன்னு புரட்டினேன். அந்தப் பக்கத்தைப் பாருங்க."

மாலிக் பார்த்தார். கடைசித் தூணின் அளவுகள். போல்ட் துளைகளின் படம் அழகாகப் போட்டிருந்தது. ஓரத்தில் இங்கிலீஷ் எழுத்தில் பஷீரின் குறிப்பு: வீரமலை சொல்கிறார், ஸ்ரீரங்கம் பக்கத் தூண் 'அரைக்கால்' இஞ்சு தாழ்வு. அதற்குக் கீழே, அரையும் காலும் கூட்டி, முக்கால் என்று கணக்கு.

"அரைக்கால்னா கால்ல பாதி. எட்டுல ஒரு பங்கு" என்றாள் ஜஹானாரா. "எங்க அத்தா கடையில அரைக்கால் கஜம் கேட்டவங்களுக்கு முக்கால் கஜம் கிழிச்சுக் கொடுத்தா அன்னைக்கே கடையைச் சாத்தணும். இதால ஏதும் கெட்டுப் போயிருமோன்னுதான் ஓடி வந்தேன். தப்பா வந்துட்டேனா?"

மாலிக் தூணைத் திரும்பிப் பார்த்தார். புதுக் கர்டரைத் தூணில் இறக்கும்போது, தாழ்வை ஈடுகட்ட அடியில் இரண்டு இரும்புத் தகடுகள் வைக்க வேண்டும். பொன்மலைப் பட்டறையில் செய்து வந்த அந்தத் தகடுகள் எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றி, ஆணி அடித்த பெட்டிக்குள் தூண் மேலேயே இருந்தன.

"நல்ல நேரத்துல வந்தே" என்றார்.

உண்மையில் அது நல்ல நேரமும் இல்லை. பத்து மணிக்கு முந்தி வந்திருந்தால் கொடியையே ஏற்றியிருக்க மாட்டார். இப்போது பழைய கர்டர் பாதி வழியில் நின்றது.

தூணின் மேல் பெட்டியை உடைத்தார்கள். வீரமலை தகட்டின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். முகம் இருண்டது.

"இது முக்கால் இஞ்சுங்க. நான் அரைக்கால்தானுங்க சொன்னேன்."

பக்கத்தில் நின்ற பஷீரின் முகத்தில் ஈயாடவில்லை. "அரைன்னா பாதி. கால்னா கால். ரெண்டும் சேர்ந்தா முக்கால்தானேன்னு..." என்று தொடங்கினான்.

இந்தத் தகட்டை வைத்தால் தண்டவாளம் அந்த இடத்தில் அரை அங்குலத்துக்கும் மேலே தூக்கி நிற்கும். அதன் மேல் ஜனங்கள் நிறைந்த ரயிலை யாரும் விட மாட்டார்கள். மாலிக்கும் விட மாட்டார்.

மாலிக்குக்குக் கோபம் வந்தது. நன்றாகவே வந்தது. தம்பி மேல் வந்த கோபம், நோட்டிலிருந்து பெயர்த்து எழுதிப் பட்டறைக்கு அனுப்பிய சீட்டு ஞாபகம் வந்ததும் தன் மேலேயே திரும்பியது. அன்றைக்கு வந்த நாற்பது சீட்டுகளோடு அதிலும் கையெழுத்துப் போட்டவர் யார்? ஒரு தடவை உரக்கப் படித்திருந்தால் போதுமே.

"மேஸ்திரி, பாட்டை நிறுத்தாதீங்க" என்றார். "கர்டர் பாட்டுக்கு நகரட்டும். தகட்டை நான் பாத்துக்கிறேன்."

பிறகு நேராகக் குடையை நோக்கி நடந்தார்.

அங்கே நடந்த பேச்சு இங்கிலீஷில். நம் பாஷையில் சொல்கிறேன்.

"தகடுகள் தவறான கனத்தில் வந்திருக்கின்றன. சரியானதைப் பொன்மலையில் வெட்டிக்கொண்டு வர வேண்டும். உங்கள் கார் வேண்டும்."

ஆஷ்லி துரை கடிகாரத்தை மூடினார். "யார் செய்த தவறு?"

"சீட்டில் இருக்கும் கையெழுத்து என்னுடையது."

"கையெழுத்தை நான் கேட்கவில்லை. அளவு எழுதியது யார்?"

"இந்த வேலைக்குத் தலைவன் நான். தவறு என்னுடையது."

துரை அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கார் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மணிக்குத் தகடு இங்கே இல்லையென்றால் தேர் ஸ்பெஷல்களை ரத்து செய்யத் தந்தி கொடுப்பேன். உங்கள் நாற்காலியில் நாளைக்கு வேறு ஆள் உட்காருவார். எப்படி இருந்தாலும் திங்கட்கிழமைக்குள் எழுதியவன் பெயர் எனக்கு வேண்டும். அவனுக்கு இங்கே வேலை இல்லை."

மாலிக் திரும்பி வந்தார். பஷீர் தலையைக் குனிந்து நின்றான்.

"துரை கார்ல ஏறு. மூணு மணிக்குள்ள சரியான தகடு இங்க இருக்கணும். பொன்மலையில ஃபோர்மேன் தங்கையனைப் பாரு. நான் ஸ்டேஷனுக்கு ஆள் விட்டு அவருக்குப் போன் பேசச் சொல்றேன், இரும்பு எடுத்துத் தயாரா வச்சிருப்பாரு. துளை அளவுக்கு இந்த நோட்டு வேணும், எடுத்துக்க."

"என்னையா அனுப்புறீங்க?"

"துளைப் படம் போட்டது நீதானே? படம் சரியாத்தான் இருக்கு. அங்க போய் என்ன கனம்னு சொல்லுவே?"

"எட்டுல ஒண்ணு."

"தமிழ்ல சொல்லு."

"அரைக்கால்" என்றான் பஷீர். அவன் கண் கலங்கியிருந்தது.

கார் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. ஜட்காவின் திரை லேசாக விலகியது.

"மூணு மணிக்குள்ள வரணுமா?" என்று கேட்டாள் ஜஹானாரா.

"ஆமா. நீ வீட்டுக்குப் போ."

அவள் ஆண்டியிடம் என்னவோ சொன்னாள். வண்டி கிளம்பியது. வீட்டுக்குத்தான் போகிறாள் என்று நினைத்தார் மாலிக். பத்து வருஷம் குடித்தனம் நடத்தியும் இந்த மனுஷருக்கு அவளைப் பற்றிப் பாதிதான் தெரியும்.

பன்னிரண்டு மணிக்குப் பழைய கர்டர் முழுசாக விலகிவிட்டது. பாலத்தில் ஒரு கண் இடத்தில் வெறும் ஆகாயம். கீழே மணல். ஆட்கள் மோர் குடித்துவிட்டு வந்தார்கள். புதுக் கர்டர் நகரத் தொடங்கியது. வீரமலை பாடிய பாட்டில் மட்டும் பழைய மிடுக்கு இல்லை. நடுவில் மாலிக்கிடம் வந்தார்.

"நான் அந்தத் தம்பிகிட்ட விரலை வச்சுக் காட்டியிருக்கணுங்க. எங்க ஊர் வாய்க்கணக்கு அவருக்கு எங்க தெரியும்? எம் பொஞ்சாதி இருளாயியும் மக வள்ளிக்கண்ணுவும் முத வண்டிக்குத்தான் ஸ்டேஷன்ல குந்தியிருக்காங்க."

"அவங்க அந்த வண்டியிலேயே வருவாங்க மேஸ்திரி. பாடுங்க. உங்க குரல் இறங்கினா எண்பது கையும் இறங்கிரும்."

வீரமலை பாடினார். இந்தத் தடவை அக்கரை வரை கேட்டது.

இரண்டரை மணிக்குப் புதுக் கர்டர் தன் இடத்துக்கு நேராக வந்து ஜாக்கிகளின் மேல் நின்றது. இனி தகடு வந்தால்தான் இறக்கலாம். பாட்டு ஓய்ந்தது. எண்பது பேரும் சாலையைப் பார்த்தார்கள்.

கார் வரவில்லை.

இரண்டே முக்கால். ஸ்டேஷன் பக்கமிருந்து கூட்டத்தின் இரைச்சல் காற்றில் வந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போதா தாழி உடைய வேண்டும்? ஆனாலும் அவர் தூண் தலையை விட்டு இறங்கவில்லை. இறங்கினால் ஆட்களின் தெம்பும் கூடவே இறங்கிவிடும் என்று அவருக்குத் தெரியும்.

மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம். ஆஷ்லி துரை தந்திக் காகிதத்தை முழங்காலில் வைத்து எழுதத் தொடங்கினார். எழுதி முடித்துக் குமாஸ்தாவிடம் நீட்டினார். குமாஸ்தா குடையை விட்டு நாலு எட்டு வைத்திருப்பார்.

சலங்கைச் சத்தம் கேட்டது.

முதலில் குதிரையின் தலை தெரிந்தது, அப்புறம் எழுந்து நின்றுகொண்டு சாட்டையைச் சுழற்றுகிற ஆண்டி. பின்படியில் பஷீர் ஒற்றைக் கையால் தொங்கிக் கொண்டு வந்தான். திரை காற்றில் பறந்து கிடந்தது. உள்ளே ஜஹானாரா, மடியில் இரண்டு இரும்புத் தகடுகளைப் பிள்ளையைப் பிடிக்கிற மாதிரி இறுக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். வெள்ளைத் துப்பட்டி முழுக்க எண்ணெய்க் கறை.

"தேருக்கு முந்தின நாள்ல மெயின்கார்டு கேட்டுக் கூட்டத்தைத் தாண்டி கார் வந்துருமா?" என்றாள் மூச்சு வாங்க. "நம்ம ஊர் உங்களுக்கே தெரியாதா? நான் கேட்டுக்கு அந்தாண்டையே வண்டியைப் போட்டுக் காத்திருந்தேன். ஆண்டிக்குச் சந்து பொந்தெல்லாம் அத்துப்படி."

பஷீர் ஏற்கெனவே தகடுகளைத் தோளில் போட்டுக்கொண்டு மணலில் ஓடிக் கொண்டிருந்தான். குமாஸ்தா தந்திக் காகிதத்தோடு நின்று துரையைத் திரும்பிப் பார்த்தார். துரை கையை நீட்டிக் காகிதத்தைத் திருப்பி வாங்கிக் கொண்டார்.

அதற்கப்புறம் ஒருவருக்கும் வெயில் உறைக்கவில்லை. வீரமலை தகட்டின் விளிம்பைத் தடவினார். "அரைக்கால்" என்றார், அவ்வளவுதான். தகடுகள் உட்கார்ந்தன. துளையும் துளையும் கண்ணும் கண்ணுமாகப் பொருந்தின. ஜாக்கிகள் மெதுவாக இறங்கின. போல்ட்கள் முறுகின. தண்டவாளம் இணைந்தது. மாலிக் தன் கையால் ரசமட்டத்தை வைத்தார். ஆஷ்லி துரை பக்கத்தில் மண்டியிட்டுக் குனிந்து பார்த்தார். குமிழி நடுக்கோட்டில் போய் நின்றது. துரை தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக் கொண்டார்.

மூன்று ஐம்பத்தெட்டுக்குச் சிவப்புக் கொடி இறங்கியது.

முதலில் ஒற்றை எஞ்சின் மட்டும் போய்த் திரும்பியது. மாலிக் அப்போது புதுக் கர்டருக்கு நேர் கீழே மணலில் நின்றார். மேலே தவறு நடந்தால் கீழே நிற்கிறவன் தலையில் விழட்டும் என்று அவர் ஒவ்வொரு கண்ணுக்கும் அப்படித்தான் நின்றிருக்கிறார். இன்றைக்குப் பஷீரும் வந்து பக்கத்தில் நின்றான். மாலிக் அவனைப் போகச் சொல்லவில்லை.

நாலு பத்து. தேர் ஸ்பெஷல் பாலத்தில் ஏறியது. பெட்டி பெட்டியாக ஜன்னல் நிறையத் தலைகள். ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள் கண்ணில் பட்டதும் "ரெங்கா, ரெங்கா" என்று ரயில் முழுக்க ஒரே குரலாக எழுந்தது. இரும்பு அதிர்ந்தது, ஆனால் அசையவில்லை. "அல்ஹம்துலில்லாஹ்" என்றார் மாலிக். மேலே எங்கேயோ ஒரு ஜன்னலிலிருந்து வள்ளிக்கண்ணு "அப்பா" என்று கூப்பிட, வீரமலை தலைத்துண்டை அவிழ்த்துச் சுழற்றினார். எண்பது பேரும் அவரைப் பார்த்துச் சுழற்றினார்கள். மாலிக்குக்குத் தலைத்துண்டு இல்லாதது குறையாகப் போயிற்று. சட்டைப் பையிலிருந்த அந்த ஒற்றைத் தாளை எடுத்து ஆட்டினார்.

நாலரை மணிக்குத் துரையின் கார் ஒருவழியாகக் கூட்டத்தில் நீந்திக் கரைக்கு வந்து சேர்ந்தது. துரை மாலிக்கின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நல்ல வேலை. திங்கட்கிழமை, அந்தப் பெயர்" என்றார். காரில் ஏறிக்கொண்டார்.

கார் கிளம்பியது. மாலிக் தம்பியின் தோளில் கை போட்டார்.

"திங்கக்கிழமை எம் பேரைத்தான் எழுதிக் கொடுக்கப் போறேன். நீ வாயைத் திறக்காதே. வெள்ளிக்கிழமை மாமா தேதி சொல்லட்டும். அந்த நோட்டை மட்டும் எங்கிட்டக் கொடு."

பஷீர் போகிற காரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நோட்டு எங்கடா?"

"கார்ல இருக்கு, அண்ணே. பின் சீட்டுல."

மாலிக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவசரத்தில் காரிலிருந்து ஜட்காவுக்கு மாறியவன், மறந்திருப்பான். "மறந்துட்டியா?"

"மூணு வேலையை நான் விட்டப்பவும் எனக்காக நீங்கதான் போய்ப் பதில் சொன்னீங்க" என்றான் பஷீர். தமிழ் நொண்டவில்லை. "இந்தத் தடவை அந்தக் கணக்குக்குக் கீழே என் பேரை எழுதி, கையெழுத்துப் போட்டு, பக்கத்தைத் திறந்து வச்சுட்டு வந்தேன்."

ஜட்காவின் திரை சட்டென்று விலகியது. "என்ன காரியம் பண்ணினீங்க?" என்றாள் ஜஹானாரா. "வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள்தானே இருக்கு. சுராயாவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"இதையே சொல்லுங்க மச்சி" என்றான் அவன். அண்ணன் மனைவியை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். "வேலையில நிலைச்சு நிக்கலை. போட்ட கையெழுத்துல நிலைச்சு நின்னேன்னு சொல்லுங்க. அதுக்கப்புறம் வேண்டாம்னா அவங்க வேண்டாம்னு சொல்லட்டும்."

மாலிக்குக்குத் தம்பியை அறையலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று தெரியவில்லை. அவன் தோளிலிருந்த கையை அவர் எடுக்கவும் இல்லை.

கரைச் சாலையில் கார் கண்ணுக்குத் தெரிகிற கடைசி வளைவு வரை போனது. அங்கே நின்றது. புழுதி அடங்கியது. பின்கதவு திறந்தது. ஆஷ்லி துரை இறங்கினார். கையில் அந்தச் சின்ன நோட்டு. காரைத் திருப்பச் சொல்லிக் காத்திராமல், மணலில் அவர்களை நோக்கி நடந்து வரத் தொடங்கினார்.

(தொடரும்)